மூன்று லட்சத்தில் மூன்று பேர் சுவிட்சர்லாந்து: எங்கே இழுத்துப் பிடிக்கலாம், எங்கே கூடாது

மதுரையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: நானும் மனைவியும் பத்து வயது மகளும் மே மாதக் கடைசியில் எட்டு நாள் சுவிட்சர்லாந்து வருகிறோம், விமானமும் விசாவும் போகக் கையில் மூன்று லட்சம் இருக்கும், டிராவல் ஏஜென்ட் "இதில் முடியாது, குரூப் டூரில் சேருங்கள்" என்கிறார், முடியுமா முடியாதா? கூடவே இரண்டு உபகேள்விகள். சுவிஸ் டிராவல் பாஸ் எடுத்தே ஆகவேண்டுமா? ரைஸ் குக்கர் கொண்டுவரலாமா என்று மனைவி கேட்கிறார்.

மேலோட்டமாகப் பார்த்தால் மூன்று லட்சம் போதுமா என்ற கணக்கு. ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று நினைக்கிறேன். எதை வெட்டினால் பயணம் கெடாது, எதை வெட்டினால் இவ்வளவு தூரம் வந்ததே வீணாகிவிடும் என்பதுதான் கேள்வி. நான் பெர்ன் நகருக்குப் பக்கத்தில் 11 வருடமாகக் குடியிருக்கிறேன். சுற்றுலா என் தொழில் இல்லை. ஆனால் ஒவ்வொரு கோடைக்கும் ஊரிலிருந்து யாராவது வருவார்கள், திட்டம் போட்டுக் கொடுப்பது என் வேலை, சில சமயம் கூடவே அலைவதும் என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: முடியும். தாராளமாக அல்ல, கணக்குப் பார்த்துச் செலவழித்தால் முடியும்.

முதலில் இந்த ஊர் ஏன் விலை என்று புரிந்துகொண்டால் பாதி விஷயம் தானாகப் பிடிபடும். இங்கே பொருளைவிட ஆளின் நேரம்தான் விலை. ஜெனீவா மாநிலத்தில் 2024-இல் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.32 பிராங்க். ஒரு பிராங்குக்கு 110 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் (தினமும் மாறும், கணக்குக்காக இதையே வைத்துக்கொள்கிறேன்) மணிக்கு 2,600 ரூபாய்க்கு மேல். தட்டைக் கழுவுகிறவருக்கும் அதுதான். ஆகவே ஒருவர் உங்களுக்காகச் சமைத்தால், பரிமாறினால், படுக்கை விரித்தால், வண்டி ஓட்டினால் விலை எகிறும். ஆண்களுக்கு முடிவெட்ட 40, 50 பிராங்க் ஆகும். எனக்கு வீட்டில் மனைவிதான் வெட்டிவிடுகிறாள், பின்கழுத்தைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். அதே ஊரில் சூப்பர்மார்க்கெட்டில் அரைக்கிலோ பாஸ்தா ஒரு பிராங்குக்குக் கிடைக்கும். இதற்கு மறுபக்கம், பொதுச் சொத்து என்று எதையெல்லாம் வைத்திருக்கிறார்களோ அதெல்லாம் இலவசம், அதுவும் தரமாக இருக்கும். நடைபாதைகள், ஏரிக்கரை பெஞ்சுகள், காட்டுக்குள் விறகோடு இருக்கும் அடுப்புகள், தண்ணீர். ஆள் கை பட்டால் காசு, இல்லையென்றால் இல்லை. எதற்குக் காசு கொடுப்பது என்று தடுமாறும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடத்துக்கு முன் என் சித்தப்பா வந்திருந்தார். லாட்டர்புருன்னன் கிராமத்தில் ஒரு கடைக்குள் போய் அரை லிட்டர் பாட்டில் தண்ணீரை நான்கரை பிராங்க் கொடுத்து வாங்கிக்கொண்டு வெளியே வந்து, கற்தொட்டி ஒன்றின் விளிம்பில் உட்கார்ந்துதான் மூடியைத் திறந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் அந்தத் தொட்டியின் குழாயிலிருந்து தண்ணீர் நிற்காமல் கொட்டிக்கொண்டிருந்தது. பாட்டிலில் இருந்ததற்கும் அதற்கும் ருசியில் வித்தியாசம் சொல்ல முடியாது. விஷயத்தைச் சொன்னதும் சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. பாட்டிலைக் காலி செய்து அந்தக் குழாயில் பிடித்துக்கொண்டார், ஊருக்குப் போகும்வரை அந்தப் பாட்டிலை விடவில்லை. சூரிக் நகரில் மட்டும் இப்படி 1,200-க்கும் மேற்பட்ட நீரூற்றுகள் இருக்கின்றன. குடிக்கக்கூடாத இடத்தில் மட்டும் 'கைன் டிரிங்க்வாஸர்' என்று பலகை வைத்திருப்பார்கள், அல்லது குவளைப் படத்தின்மேல் கோடு போட்டிருப்பார்கள். பலகை இல்லையென்றால் ஊருக்குள் இருக்கும் குழாயில் தயங்காமல் பிடிக்கலாம். ஆளுக்கு ஒரு பாட்டில் வீட்டிலிருந்தே கொண்டுவாருங்கள்.

அடுத்தது தங்குமிடம். மொத்தச் செலவில் பெரும்பங்கு இதுதான், நிறையப் பேர் தப்புச் செய்வதும் இங்கேதான். எட்டு நாளில் சூரிக்கில் இரண்டு, லூசர்னில் இரண்டு, இன்டர்லாக்கனில் இரண்டு, ஜெனீவாவில் ஒன்று என்று பிரித்துப்போட்டு, பாதி நாளைப் பெட்டி இழுப்பதிலேயே கழிப்பார்கள். ஒரே இடத்தில் தங்குங்கள். நாடு அவ்வளவு சின்னது. பெர்னிலிருந்து சூரிக் ஒரு மணி நேரத்துக்குள், இன்டர்லாக்கன் ஒரு மணி நேரத்துக்குள், லூசர்ன் ஏறக்குறைய ஒரு மணி நேரம். இன்டர்லாக்கனிலேயே தங்கவேண்டும் என்றில்லை. அதே ரயில் பாதையில் ஏரிக்கரையில் இருக்கும் ஷ்பீட்ஸ், தூன் ஊர்களில் பாருங்கள். ஷ்பீட்ஸிலிருந்து இன்டர்லாக்கன் இருபது நிமிடம்தான்.

ஹோட்டல் அறையைவிடச் சமையலறையுள்ள விடுமுறை வீடு உங்களுக்குச் சரிப்படும். இங்கே அதை ஃபெரியன்வோனுங் என்பார்கள். பல வீடுகளைச் சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை, வாரக்கணக்கில்தான் விடுவார்கள், உங்கள் ஏழு இரவுக்கு அது தோதாகவே அமையும். ஒன்றைக் கவனியுங்கள். காட்டும் வாடகையோடு கடைசித் துப்புரவுக் கட்டணம் என்று தனியாக 100 பிராங்க் அளவுக்குச் சேர்ப்பார்கள், ஆளுக்கு இரவுக்குச் சில பிராங்க் ஊர்வரியும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டே விலையை ஒப்பிடுங்கள். வீடு அமையாவிட்டால் அடுத்தது யூத் ஹாஸ்டல். பேரைப் பார்த்து வாலிபர்களுக்கு மட்டும் என்று நினைக்கவேண்டாம், குடும்ப அறைகள் உண்டு, காலைச் சாப்பாடும் விரிப்பும் வாடகைக்குள் அடக்கம். சமையலறை சிலவற்றில்தான் இருக்கும், கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

எங்கே தங்கினாலும் 'விருந்தினர் அட்டை உண்டா' என்று வாய்விட்டுக் கேளுங்கள். பெர்ன், பாசல், லூசர்ன், ஜெனீவா போன்ற நகரங்களில் ஹோட்டலிலோ ஹாஸ்டலிலோ தங்குகிறவர்களுக்கு உள்ளூர் பஸ், டிராம் இலவசம். டிச்சினோ மாநிலத்தில் 2017-இலிருந்து மாநிலம் முழுவதுமே இலவசம். நீங்கள் கட்டும் ஊர்வரியிலிருந்துதான் பெரும்பாலும் இதைத் தருகிறார்கள். கொடுத்த காசுக்கு வாங்கிக்கொள்ளாமல் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது பாஸ் விவகாரம். எல்லா யூடியூப்காரர்களும் டிராவல் பாஸ் வாங்கு என்கிறார்கள். அது நல்ல பொருள்தான், உங்களுக்குத்தான் பொருந்தவில்லை. 2024-இல் இரண்டாம் வகுப்பு எட்டு நாள் பாஸ் பெரியவருக்கு 419 பிராங்க், இரண்டு பேருக்கு 838. அதற்கு எல்லா ரயில், பஸ், ஏரிக் கப்பல், 500-க்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்கள், ரிகி மலை ரயில் எல்லாம் அடக்கம். இதற்கு மாற்று பாதிக்கட்டண அட்டை. ஒரு மாதம் செல்லும், காட்டினால் ரயில், பஸ், கப்பல், பெரும்பாலான மலை ரயில் எல்லாவற்றுக்கும் பாதிக் காசு. பல வருடம் அது 120 பிராங்காக இருந்தது. பாதுகாப்பாக 150 என்றே கணக்குப் போடுகிறேன், வாங்கும் அன்று விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஷ்பீட்ஸில் தங்கி, விமான நிலையம் போகவர, ஒரு நாள் லூசர்ன், ஒரு நாள் பெர்ன், மற்ற நாட்கள் அக்கம்பக்கம் என்று போனால் பாதிக்கட்டணத்தில் ஆளுக்கு 180 பிராங்க் அளவுக்கு ரயில் செலவு வரும். அட்டையும் டிக்கெட்டும் சேர்த்து இரண்டு பேருக்கு 660. பாஸைவிட ஏறக்குறைய 180 பிராங்க் மிச்சம்.

உயரமான மலை ஏறினால் இந்த வித்தியாசம் இன்னும் கூடும். யுங்ஃபிராவ்யோக் ரயிலுக்கு டிராவல் பாஸில் மேல்பகுதிக்கு 25 சதவீதம்தான் தள்ளுபடி, பாதிக்கட்டண அட்டைக்கு 50 சதவீதம். தினமும் மூன்று நான்கு மணி நேரம் ரயிலில் ஊர் ஊராகச் சுற்றுவோம், கப்பலிலும் போவோம், அருங்காட்சியகமும் பார்ப்போம் என்றால் மட்டும் பாஸ் ஜெயிக்கும். டிக்கெட் எடுக்கும் தொல்லையே வேண்டாம் என்ற நிம்மதிக்காக அந்த 180 பிராங்கைக் கொடுப்பதிலும் தப்பில்லை, வயதானவர்கள் வந்தால் நானே அதைத்தான் சொல்வேன். இரண்டில் எதை வாங்கினாலும் குழந்தைக்குச் சுவிஸ் ஃபேமிலி கார்டு என்று கேட்டு வாங்குங்கள், அதற்குக் காசில்லை. 6 முதல் 15 வயதுவரை பெற்றோரோடு போகும் பிள்ளைக்கு ரயிலில் கட்டணம் கிடையாது. சில தனியார் மலை ரயில்களில் விதி வேறு, கவுன்டரில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

நீண்ட தூரப் பயணங்களுக்குச் சேமிப்பு டிக்கெட் என்று ரயில்வே ஆப்பிலேயே இருக்கும், 70 சதவீதம்வரைகூடக் குறையும். ஆனால் குறித்த ரயிலில் மட்டுமே செல்லும், தவறவிட்டால் போச்சு. குழந்தையோடு போகும்போது எல்லாவற்றையும் இப்படி வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டாம், விமான நிலையத்திலிருந்து கிளம்பும் முதல் ரயிலுக்கு வேண்டவே வேண்டாம். விமானம் தாமதமானால் டிக்கெட்டும் போகும்.

இன்னொன்று, என் அக்கா குடும்பம் பட்ட பாடு. ஓடிவந்து ரயில் ஏறி, உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு, ஆப்பில் டிக்கெட் எடுத்தார்கள். பரிசோதகர் நேரத்தைப் பார்த்தார். ரயில் கிளம்பிய பிறகு வாங்கியது, ஆகவே டிக்கெட் இல்லாத பயணம்தான். பெரியவர்கள் இருவருக்கும் ஆளுக்கு 100 பிராங்க் வாக்கில் போட்டார். மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் ஒரு பிராங்க்கூடக் குறைக்கவில்லை. ரயில் நகரும் முன் டிக்கெட் கையில் இருக்கவேண்டும். ஓடிவந்து ஏறுவதைவிட அடுத்த ரயிலுக்குக் காத்திருங்கள், முக்கியமான தடங்களில் அரைமணிக்கோ ஒரு மணிக்கோ ஒன்று வந்துகொண்டே இருக்கும்.

மலைக்கு வருவோம். மனிதர்கள் ஐந்து நாளில் நான்கு மலை ஏறுகிறார்கள். மூன்றாவது மலையில் பிள்ளைகள் பனியைப் பார்ப்பதில்லை, செல்போனைப் பார்க்கிறார்கள். உங்கள் பட்ஜெட்டில் ஒரே ஒரு பெரிய மலை. யுங்ஃபிராவ்யோக் 3,454 மீட்டர், 1912-இல் திறந்த ரயில், பெரும்பகுதி பாறைக்குள் குடைந்த சுரங்கம். முழுக்கட்டணம் ஆளுக்கு 200 பிராங்குக்கு மேல். பாதிக்கட்டணத்தில் இரண்டு பெரியவர்களுக்கு 250 அளவு வைத்துக்கொள்ளுங்கள். பனியே பார்த்திராத குழந்தைக்கு அது ஆயுசுக்கும் நிற்கும் நாள், ஆகவே அதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆனால் ஒரு நிபந்தனை. காலையில் எழுந்ததும் அந்த மலையின் நேரடிக் கேமராவை இணையத்தில் பாருங்கள். மேலே வெள்ளையாக மூடியிருந்தால் அன்று போகாதீர்கள், 250 பிராங்க் கொடுத்துப் பஞ்சுக்குள் நின்றுவிட்டு வருவீர்கள். ஒரே இடத்தில் ஏழு இரவு தங்கச் சொன்னதற்கு இதுவும் காரணம், நல்ல வெயில் நாளுக்காகக் காத்திருக்க முடியும். மேலே போனால் மெதுவாக நடங்கள். அந்த உயரத்தில் லேசாகத் தலைவலி வருவது சாதாரணம். பிள்ளைக்கு வாந்தி, மயக்கம் என்று வந்தால் உடனே அடுத்த ரயிலில் இறங்கிவிடுங்கள்.

என்னை ஒரே ஒரு இடம் சொல்லச் சொன்னால் யுங்ஃபிராவ்யோக்கைச் சொல்லமாட்டேன். லாட்டர்புருன்னனிலிருந்து கேபிள் காரில் க்ரூட்ஷ்ஆல்ப் ஏறி, அங்கிருந்து ம்யூரன் கிராமத்துக்குக் காலாற நடப்பது. ஒன்றரை மணி நேரம், பெரிதாக ஏற்றம் இல்லை. வலதுபக்கம் புல்சரிவு, இடதுபக்கம் பள்ளத்தாக்குக்கு அந்தப்புறம் ஐகர், மோன்ஷ், யுங்ஃபிராவ் மூன்றும் வரிசையாகக் கூடவே வரும். மே கடைசியில் பனி உருகி ஓடுவதால் பாதைக்குக் குறுக்கே அங்கங்கே சின்னச் சின்ன ஓடைகள் இருக்கும், என் அக்கா மகள் ஒவ்வொன்றிலும் கையை விட்டுக்கொண்டே வந்ததில் ஒன்றரை மணி நேரம் மூன்று மணி நேரமானது. ம்யூரனில் கார் கிடையாது. பாதிக்கட்டணத்தில் இதற்கு ஆகும் செலவு மலை உச்சி டிக்கெட்டில் பத்தில் ஒரு பங்கு இருக்கலாம். கீழே இறங்கினால் ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஷ்டௌபாக் அருவி, அதை நின்று பார்க்கக் காசில்லை. அருவிகள் அதிகத் தண்ணீரோடு விழும் பருவத்தில்தான் வருகிறீர்கள்.

இதேபோல் கண்ணாடிக் கூரை ரயில்கள். கிளேசியர் எக்ஸ்பிரஸ், பெர்னினா எக்ஸ்பிரஸ் என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்கு டிக்கெட் போக முன்பதிவுக் கட்டணம் தனி. அதே தண்டவாளத்தில் உள்ளூர் ரயிலும் ஓடுகிறது, முன்பதிவு வேண்டாம். பெர்னினா பாதையின் உள்ளூர் வண்டிகள் சிலவற்றில் ஜன்னலைத் திறக்கவும் முடியும். படம் எடுக்க அதுதான் வசதி. இருந்தாலும் ஷ்பீட்ஸிலிருந்து பெர்னினா ரொம்ப தூரம், உங்கள் எட்டு நாளுக்குள் அதைத் திணிக்க வேண்டாம். ரைன் அருவிக்குப் போவதாக இருந்தால் நோய்ஹவுசன் பக்கக் கரையில் நின்று பாருங்கள், அங்கே கட்டணமில்லை. கோட்டைப் பக்கம் ஐந்து பிராங்க், அருவிக்கு ரொம்பக் கிட்டத்தில் நிற்கலாம், அந்த ஐந்தைக் கொடுக்கலாம். பிரியன்ஸ் ஏரிக்கரையில் இசெல்ட்வால்ட் என்று ஓர் ஊர், கொரியத் தொடர் ஒன்றில் வந்த மரப்பாலத்தில் நின்று போட்டோ எடுக்கக் கூட்டம் குவிந்ததால் 2023-இல் அங்கேயும் ஐந்து பிராங்க் வாங்கும் கதவு வைத்துவிட்டார்கள். அந்த ஐந்தைக் கொடுக்க வேண்டாம். பத்தடி தள்ளி அதே ஏரி, அதே மலை.

மே மாதம் என்பதால் ஒரு எச்சரிக்கை. ஏப்ரல், மே மாதங்களில் பல கேபிள் கார்களைப் பராமரிப்புக்கு என்று சில நாளோ சில வாரமோ நிறுத்துவார்கள். பெரிய மலைச்சாலைகள் சில ஜூனில்தான் திறக்கும், உயரமான நடைபாதைகளில் பனி கிடக்கும். நான் மேலே சொன்ன க்ரூட்ஷ்ஆல்ப் உட்பட, நீங்கள் போக நினைக்கும் ஒவ்வொன்றும் அந்த வாரம் ஓடுகிறதா என்று அவரவர் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். யுங்ஃபிராவ்யோக்கும் ரிகியும் வருடம் முழுக்க ஓடுபவை. மழையும் வரும். பதிலுக்குக் கூட்டம் குறைவு, வாடகை ஜூலையைவிடக் குறைவு, இரவு ஒன்பதுவரை வெளிச்சம். அந்தச் சமயத்தில் கிறிஸ்து விண்ணேற்ற வியாழனும் பெந்தெகொஸ்தே திங்களும் வரலாம். நாட்காட்டியைப் பாருங்கள், அந்த நாட்களில் கடை கிடையாது.

கடை என்றதும் சாப்பாடு. ஓட்டலில் உட்கார்ந்தால் ஒரு தட்டு 25 பிராங்குக்குக் குறையாது, மூன்று பேரும் ஒரு குளிர்பானமும் என்றால் 90, பத்தாயிரம் ரூபாய். மீகிரோஸ், கோப் என்று இரண்டு பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள், கூட ஆல்டி, லிடில், டென்னர். மீகிரோஸில் பச்சை நிறத்தில் எம்-பட்ஜெட், கோப்பில் பிரீ கராண்டி என்று மலிவு வரிசைகள் இருக்கும். அரிசி, பால், முட்டை, தயிர், ரொட்டி, காய் எல்லாம் அதில் வாங்கிச் சமைத்தால் மூன்று பேர் குடும்பம் ஒரு நாளைக்கு 45 பிராங்கில் வயிறாரச் சாப்பிடலாம். காபி, ஐஸ்கிரீம் என்று 15 சேர்த்து 60 வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்கறி, மாட்டுக்கறி பக்கம் போகாதீர்கள், விலையைப் பார்த்தால் சைவமாகிவிடுவீர்கள். கடை மூடும் நேரம் நெருங்கினால் ரொட்டி, சாலட், சாண்ட்விச்சின் மேல் 25, 50 சதவீத ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். கடைகள் சாயங்காலம் சீக்கிரமே மூடிவிடும், ஞாயிற்றுக்கிழமை பெரிய ரயில் நிலையக் கடைகள் தவிர எதுவும் இருக்காது. சனிக்கிழமை வந்து இறங்குகிறீர்கள் என்றால் முதல் வேலை ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்து வாங்குவது. வெந்த சோறு சாப்பிட வேண்டும், சமைக்கத் தெம்பில்லை என்றால் மீகிரோஸ், கோப் கடைகளோடு சேர்ந்த சுயசேவை உணவகங்கள் நிறைய ஊர்களில் உண்டு, ஓட்டலைவிடக் கணிசமாகக் குறைவு. சாலட்டை எடை போட்டு விற்கும் இடத்தில் தட்டைக் குவிக்காதீர்கள். தக்காளியும் வெள்ளரிக்காயும் தண்ணீர் கனம்.

மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். எங்கே திறந்து சாப்பிடுவது என்ற கூச்சம் நம்மவர்களுக்கு இருக்கும். இந்த ஊர்க்காரர்களே ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, கப்பல் துறையில், மலை உச்சியில், ரயிலில் என்று எல்லா இடத்திலும் திறந்து சாப்பிடுகிறவர்கள்தான். புளியோதரைத் தூக்கைத் திறந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஓட்டல்காரர் போட்ட மேசையில் மட்டும் உட்காராதீர்கள்.

ஈழத்தமிழர்கள் இங்கே 50,000 பேர் அளவில் இருக்கிறார்கள், 1980-களிலிருந்து வந்து வேரூன்றியவர்கள். அதனால் சூரிக், பெர்ன், பாசல் மட்டுமல்ல, சின்ன ஊர்களிலும் தமிழ்க்கடை உண்டு. கறிவேப்பிலை, முருங்கைக்காய், அரிசிமா எல்லாம் கிடைக்கும். பெர்னில் ஐரோப்பா பிளாட்ஸ் நிலையத்துக்கு எதிரே 'சமயங்களின் இல்லம்' என்ற கட்டடத்துக்குள் ஒரு சிவன் கோயில் இருக்கிறது, சூரிக் பக்கம் அட்லிஸ்வில்லில் சிவசுப்ரமணியர் கோயில். போய் வாருங்கள். ஆனால் கோயிலில் அன்னதானம் உண்டு என்பதைச் செலவு குறைக்கும் வழியாக எழுதிவைப்பதைச் சில பயணக் குறிப்புகளில் பார்த்தேன், எனக்கு அது பிடிக்கவில்லை. ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து சமைக்கிறவர்களின் உழைப்பு அது. பந்தியில் உட்கார்ந்தால் உண்டியலிலும் போடுங்கள்.

இனி மொத்தக் கணக்கு. மூன்று லட்சம் என்றால் சுமார் 2,700 பிராங்க். தங்க, துப்புரவு சேர்த்து 1,150. அட்டையும் ரயிலும் 660. சாப்பாடு எட்டு நாளுக்கு 480. மொத்தம் 2,290. மிச்சம் 410, அதில் ஒரு பெரிய மலை 250, கையில் 160. இதில் நான் உறுதியாகச் சொல்வது ரயிலும் சாப்பாடும், அவை பெரிதாக ஏறி இறங்காது. ஆட்டம் காண்பது வீட்டு வாடகை. ஜனவரியில் தேடினால் 1,150-க்குக் கிடைப்பது ஏப்ரலில் தேடினால் 1,600 ஆகலாம், அப்போது மலை போய்விடும். எனவே விமான டிக்கெட்டுக்கு முன்பே ரத்து செய்யக்கூடிய வீட்டைப் பிடித்துவிடுங்கள். எல்லை தாண்டி ஜெர்மனி, பிரான்ஸ் பக்கம் தங்கினால் மலிவு என்பார்கள். வாடகை குறைவதும் உண்மை, ஷெங்கன் விசாவில் தடையில்லாததும் உண்மை, ஆனால் மலைகள் இருக்கும் பகுதிக்கு அங்கிருந்து தினமும் வந்துபோனால் ரயிலுக்கும் நேரத்துக்கும் கொடுத்தே தீரவேண்டும். உங்கள் திட்டத்துக்கு அது லாபமில்லை.

ரொம்பச் சிக்கனமாகக் கணக்குக் காட்டினாலும் விசாவில் இடிக்கும், இதை ஏஜென்ட்கள் சொல்வதில்லை. சுவிஸ் தரப்பு ஆளுக்கு நாளுக்கு 100 பிராங்க் அளவு கையில் இருப்பதைக் காட்டச் சொல்லும். மூன்று பேர் எட்டு நாள் என்றால் 2,400, உங்கள் தொகை அதைத் தாண்டிவிடுகிறது. 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் கட்டாயம். இங்கே டாக்டரிடம் போனால் ஆகும் செலவுக்கு அதைச் சம்பிரதாயமாக நினைக்காமல் நல்லதாகவே எடுங்கள்.

உங்கள் ஏஜென்ட்டையும் முழுக்கக் குறை சொல்லமாட்டேன். அப்பா அம்மா வயதானவர்கள், மொழி பயம், சமைக்கவே கூடாது என்றால் குரூப் டூர்தான் நிம்மதி, மூன்று வேளையும் சாம்பார்கூடக் கிடைக்கும். ஆனால் அதில் ஒரு மலைக்கு மேகம் மூடிய நாளில் கொண்டுபோனாலும் போய்த்தான் ஆகவேண்டும். பனிச்சறுக்கு பற்றி மட்டும் என்னைக் கேட்காதீர்கள், 11 வருடத்தில் ஒரு முறைகூடக் காலில் பலகை கட்டியதில்லை.

சின்னச் சின்ன ஓட்டைகள் சில. கார்டு மெஷின் 'ரூபாயிலா பிராங்கிலா' என்று கேட்டால் பிராங்கைத் தொடுங்கள், ரூபாயைத் தொட்டால் அவர்கள் வைத்த மாற்று விலை. ரயில் நிலையக் கழிப்பறைக்கு ஒன்றிரண்டு பிராங்க், ரயிலுக்குள் இலவசம், இறங்கும் முன் போய்விடுங்கள். டிப்ஸ் கட்டாயமில்லை, 1974-இலிருந்து விலைக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். சாக்லேட்டை நினைவுப்பொருள் கடையில் வாங்காதீர்கள், சூப்பர்மார்க்கெட்டில் வாங்குங்கள்.

கடைசியாகக் குக்கர். கொண்டுவாருங்கள், ஆனால் விசில் குக்கர் வேண்டாம். இங்கே பல வீடுகளில் இண்டக்‌ஷன் அடுப்பு, அலுமினியப் பாத்திரம் சூடே ஏறாது. சின்ன எலக்ட்ரிக் குக்கர் நல்லது, மின்னழுத்தம் நம் ஊர் அளவுதான். ஹோட்டல் அறைக்குள் மட்டும் வைக்காதீர்கள், புகை அலாரம் அடித்தால் தீயணைப்பு வண்டிக்கும் பில் வரக்கூடும். அரிசி, பருப்பு, இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல் எடுத்து வரலாம். நெய், பால்கோவா கூடாது, பாலும் கறியும் சேர்ந்த பொருள்களுக்குத் தடை. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது, அது தமிழ்க்கடையில் வாங்கிக்கொள்ளலாம். அடாப்டரில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். 'யூரோப்' என்று எழுதி விற்கும் தடித்த உருண்டை அடாப்டர் ஜெர்மனிக்கு. சுவிஸ் பிளக் பாயிண்ட் சுவருக்குள் குழிந்து அறுகோணமாக இருக்கும், அந்த உருண்டை உள்ளே போகாது. டவுன்ஹால் ரோட்டிலோ இணையத்திலோ சுவிஸ் வகை என்று குறிப்பிட்டு, மூன்று மெல்லிய முள் இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். ஒன்று போதாது, இரண்டாக வாங்குங்கள். குக்கர் ஓடும்போது செல்போனுக்கும் வேண்டும்.